திருக்கோவிலூர் டெபுடி கலெக்டரும் எங்கள் க்ஷேத்திர கணிதமும்

ஜூன் மாதம் பள்ளி திறந்த மறுவாரம் பேரன் ஒரு தாளை என்னிடம் நீட்டினான். பத்தாம் வகுப்பு. கணக்கு ஆசிரியர் சொல்லி எழுத வைத்த விதிகள். ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லாமல் வகுப்புக்கு வரக்கூடாது. பென்சில் கூராக இருக்க வேண்டும். உதவிப்படம் போடாவிட்டால் மதிப்பெண் குறையும். வட்டவில்லை அழிக்கக்கூடாது. கடைசியில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு: "வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16 நிச்சயம்."

"தேற்றம் வரலேன்னாலும் பரவாயில்லையாம் தாத்தா. இந்தப் பதினாறு வந்துட்டா பாஸ் பாதி முடிஞ்சுதாம்" என்றான்.

அவர் சொன்னதில் தப்பில்லை. 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்கிற கணக்கில் 16 என்பது பெரிய தொகைதான். கல்வராயன் மலையிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை இந்தப் பதினாறுதான் கரையேற்றுகிறது என்று எனக்குத் தெரிந்த ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்ததும் அறுபது வருஷத்துக்கு முந்தைய இரண்டு வகுப்பறைகள் நினைவுக்கு வந்தன. ஒன்று பாண்டிச்சேரியில், பிரெஞ்சில். இன்னொன்று இந்தப் பக்கம், தமிழில். இரண்டிலும் அதே முக்கோணம்தான். ஆனால் அதை நடத்திய விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

என்னுடைய பழைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் பிறந்து வளர்ந்தது பாண்டியில். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறிய பிறகும், 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்த பிறகும், பிரெஞ்சுப் படிப்பு நின்றுவிடவில்லை. நான் 'பிரவே' வரை அதில்தான் படித்தேன். கணக்கு வாத்தியார் நம்மூர்த் தமிழர்தான். ஆனால் வகுப்புக்குள் வந்துவிட்டால் 'முசியே'. ஒரு வார்த்தை தமிழ் வராது.

அவர் வகுப்பின் முதல் விதி, படத்தை நம்பாதே என்பது. கரும்பலகையில் வேண்டுமென்றே கோணலாக ஒரு முக்கோணம் போடுவார். "இது இருசமபக்க முக்கோணம்" என்பார். யாராவது சிரித்தால், "உன் கண் சொல்வதை யார் கேட்டார்கள்? தரவு என்ன சொல்கிறது?" என்று கேட்பார். ஸ்கேலால் அளந்து விடை சொன்னவனுக்கு 20க்கு பூஜ்யம். அங்கே மதிப்பெண் எல்லாம் இருபதுக்குத்தான். 14 வாங்கினால் வீட்டில் பாயசம் வைக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத வரி, விடை சரியாக இருந்தாலும், இல்லாத வரிதான். எல்லாம் முடிந்ததும் கீழே நான்கு எழுத்து: சே.க்யூ.எஃப்.டே. நிரூபிக்க வேண்டியது இதுவே என்பதன் சுருக்கம். ஆங்கிலப் பள்ளிகளில் கியூ.ஈ.டி. என்று லத்தீனில் போடுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு வேடிக்கை. 'கழுதைகளின் பாலம்' என்று ஒரு சொல் இரண்டு பக்கமும் உண்டு. மந்தமான பையன் அந்த இடத்துக்கு வந்ததும் பாலத்தில் கால் வைக்க மறுக்கும் கழுதை மாதிரி நின்றுவிடுவானாம். ஆங்கிலேயருக்கு அந்தப் பாலம், இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்னும் தேற்றம், யூக்ளிடின் முதல் புத்தகத்தில் ஐந்தாவது. எங்கள் முசியே அந்தப் பெயரைப் பிதாகரஸ் தேற்றத்துக்குச் சொன்னார், அது பிரெஞ்சு வழக்கம். கழுதை எந்த இடத்தில் நிற்கும் என்பதில்கூட இரண்டு சர்க்காருக்கும் ஒத்துப்போகவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. யூக்ளிட் கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 வருஷம் முன்பு அலெக்சாண்டிரியாவில் இருந்தவர். அவர் எழுதிய 13 புத்தகங்களை இங்கிலாந்து வேதம் மாதிரி வைத்துக்கொண்டது. 1756இல் ராபர்ட் சிம்சன் என்பவர் வெளியிட்ட பதிப்பை ஒட்டியே அங்கே பாடப்புத்தகங்கள் தொடர்ந்து வந்தன. வரிசை மாறக்கூடாது. பத்தாவது தேற்றத்தை நிரூபிக்க அதற்கு முன்னால் உள்ள ஒன்பதைத்தான் பயன்படுத்தலாம். பிரான்சில் அப்படி இல்லை. 1741இலேயே கிளேரோ என்பவர், நிலம் அளப்பதிலிருந்து தொடங்கி ஜியாமெட்ரி சொல்லிக்கொடுக்கலாம் என்று புத்தகம் எழுதிவிட்டார். புரட்சிக்குப் பிறகு, 1794இல் லெழாந்தர் எழுதிய புத்தகம் யூக்ளிடின் வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனக்கு வசதியான வரிசையில் நிரூபணங்களை அமைத்தது. அங்கே பல தலைமுறை அதைத்தான் படித்தது.

இங்கிலாந்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு. 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல் உண்மையில் ஒரு கணக்கு வாத்தியார். அவர் 1879இல் லெழாந்தர் முதலானவர்களையெல்லாம் கூண்டில் ஏற்றி விசாரிப்பதுபோல ஒரு நாடகப் புத்தகமே எழுதினார். தீர்ப்பு யூக்ளிட் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது. அதோடு யூக்ளிடும் வந்தார். அன்றைக்கு மெட்ரிகுலேஷன் தேறினால் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு வழி உண்டு. ஆகவே தென்னார்க்காட்டுக் கிராமத்துப் பையன், தன் ஊர் நஞ்சையை ஒருநாளும் அளந்து பார்க்காதவன், அலெக்சாண்டிரியாக்காரர் எழுதியதை ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டான். புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த பெரியவர் ஒருவர், தன் தகப்பனார் யூக்ளிடைச் சந்தியாவந்தனம் மாதிரி ராகம் போட்டுச் சொல்வார் என்று சொல்லிச் சிரிப்பார்.

இங்கிலாந்திலேயே இதற்கு எதிராகச் சங்கம் வைத்துப் போராடினார்கள். 1871இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் பெயரே ஜியாமெட்ரி போதனையைச் சீர்திருத்தும் சங்கம். 1901இல் கிளாஸ்கோவில் ஜான் பெர்ரி என்ற இன்ஜினீயர் போட்ட போடுதான் கடைசி அடி. கையால் வரையட்டும், அளக்கட்டும், பிறகு நிரூபிக்கட்டும் என்றார் அவர். 1903இல் கேம்பிரிட்ஜ் இறங்கி வந்தது. ஒழுங்கான நிரூபணமாக இருந்தால் போதும், யூக்ளிடின் வரிசை கட்டாயமில்லை. அதே வருஷம் ஹால் அண்ட் ஸ்டீவன்ஸ் தங்கள் பழைய யூக்ளிட் புத்தகத்தை விட்டுவிட்டு 'ஸ்கூல் ஜியாமெட்ரி' என்று புதிதாக எழுதினார்கள். நம் அப்பா, தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பல வீட்டில் இந்த ஹால் அண்ட் ஸ்டீவன்ஸ் கிடைக்கும்.

1965இல் அப்பா வேலையை விட்டுவிட்டு, பூர்வீகம் என்று கள்ளக்குறிச்சிப் பக்கம் குடும்பத்தைக் கொண்டுவந்தார். நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது சேர்ந்தேன். அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. பதினொன்றாவதில் முடியும். பிளஸ் டூ வந்தது 1978இல். கணக்கிலேயே ஜெனரல் என்றும் காம்போசிட் என்றும் இரண்டு வகை. மேலே கணக்கு, விஞ்ஞானம் படிக்க நினைப்பவன் காம்போசிட் எடுப்பான். நான் எடுத்தேன்.

முதல் நாளே திண்டாட்டம். 'ஹிப்போதேஸ்' என்று பழகிய நாக்குக்குத் 'தரவு' வரவில்லை. கர்ணம் என்றால் காதா, ஊர்க் கர்ணமா என்று விழித்தேன். க்ஷேத்திர கணிதம் என்று பழைய வாத்தியார்கள் சொன்னதை முதலில் கோயில் சம்பந்தப்பட்டது என்றே நினைத்தேன். பையன்கள் என்னைப் 'பிரெஞ்சுக்காரன்' என்று கூப்பிட்டார்கள். சர்வசமம், தொடுகோடு, நாண் எல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிட்டன. நல்ல சொற்கள். தொடுகோடு என்று சொல்லும்போதே கோடு வட்டத்தைத் தொட்டுவிட்டுப் போவது தெரிகிறது. பிரெஞ்சு 'தாந்ழாந்த்' அப்படித் தெரியவில்லை.

பழகாதது வேறொன்று. இங்கே தேற்றத்துக்கு எண் உண்டு. எண்ணைச் சொன்னால் பையன்கள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று தலைப்புப் போட்டு அழகாக எழுதுவார்கள், என்னைவிட அழகாக. ஒருநாள் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து ஒரு தேற்றத்தை முக்கோணம் 'ஏபிசி' என்று போடாமல் 'பிக்யூஆர்' என்று போட்டு நிரூபிக்கச் சொன்னார். நாற்பது பேர் இருந்த வகுப்பில் ஆறு பேர்தான் எழுதினோம். மற்றவர்கள், "சார், அந்தத் தேற்றத்துல பிக்யூஆர் கிடையாது சார்" என்றார்கள். அவர் கோபப்படவில்லை. சாக்கட்டியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் அன்று மனசுக்குள் ரொம்பப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது திருக்கோவிலூருக்கு வருகிறேன். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது திருக்கோவிலூரும் நம்மோடு வந்தது. தென்பெண்ணைக் கரை, உலகளந்த பெருமாள், கபிலர் குன்று என்று எல்லாரும் சொல்வார்கள். வருவாய்த்துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு அந்த ஊர் என்றால் வேறொரு நினைவு. (உலகத்தை அளந்த சாமி இருக்கிற ஊரில் சர்வே கச்சேரி வைத்ததும் பொருத்தம்தான். சோழர் காலத்து நில அளவுகோலுக்கே உலகளந்த கோல் என்று பெயர் உண்டு.)

1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசுவாமி ஐயர். கணக்குப் பைத்தியம், அதிலும் ஜியாமெட்ரிப் பைத்தியம். இளம் வயதிலேயே லண்டன் 'எஜுகேஷனல் டைம்ஸ்' பத்திரிகைக்குக் கணக்குகள் எழுதி அனுப்ப, அவர்கள் இவரைக் கல்லூரி ஆசிரியர் என்று நினைத்துப் 'புரொஃபசர்' என்று விளித்தார்களாம். அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை நண்பர்களுக்கு அவர் புரொஃபசர்தான். வேலையோ ஜமாபந்தி, வரிவசூல். 1907இல் கூட்டியில் இருந்தபோது நாடு முழுக்கக் கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்குக் கடிதம் எழுதிச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் இன்றும் இருக்கிற இந்தியக் கணிதக் கழகம். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் கச்சேரி வேலை போக மிச்ச நேரத்தில் செய்த காரியம்.

அவரைத் தேடி 1910இல் ஓர் இளைஞன் வந்தான். வயது இருபத்திரண்டு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் மெட்ரிகுலேஷன் தேறியவன், எஃப்.ஏ.யில் தோற்றவன். கல்யாணம் ஆகிவிட்டது, வருமானம் இல்லை. கையில் நோட்டுப் புத்தகம். இவர் டிவிஷனில் ஏதாவது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்டான். ராமசுவாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். வேலை தரவில்லை. இந்த மூளையைக் கச்சேரியின் கடைசிப் படியில் உட்காரவைத்து அமுக்க மனம் வரவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். சென்னையில் இருந்த கணக்கு நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையன் ராமானுஜன்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. நானும் ஒரு குமாஸ்தாதானே. கடைசிப் படியில் உட்கார்ந்தவர்கள் பக்கமிருந்தும் ஒருவர் பேச வேண்டாமா? பார்க்கப் போனால் ராமானுஜனும் கடைசியில் குமாஸ்தா ஆகத்தான் செய்தார். 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் தன்னைக் குமாஸ்தா என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார்.

ராமானுஜன் என்றால் எண்கள் என்றே பேசுகிறோம். அவர் ஜியாமெட்ரியும் போட்டிருக்கிறார். 1913இல், ராமசுவாமி ஐயர் தொடங்கிய அதே கழகத்தின் பத்திரிகையில், ஒரு வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தைக் காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைய ஒரு முறை சொன்னார். சுத்தமாக, துளி பிசகாமல் அதை வரைவது முடியாத காரியம் என்று 1882இல் லிண்டமன் நிரூபித்துவிட்டார். ஆகவே இது தோராயம்தான், 355ஐ 113ஆல் வகுத்தால் வருகிற பை. ஆனால் எப்படிப்பட்ட தோராயம்! வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றால், சதுரத்தின் பக்கம் உண்மையைவிடச் சுமார் ஓர் அங்குலம்தான் கூடும் என்று அவரே குறித்திருக்கிறார். நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. பக்கம் 374 மைல். அதில் ஓர் அங்குலம். அந்த 1,40,000 எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அன்றைய சென்னை மாகாணத்தின் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். மாகாணத்தை மனசில் வைத்துத்தான் எழுதினாரோ என்பது என் யூகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

ஓர் அங்குலம் என்றதும் எங்கள் அப்பாவின் ஐந்து சென்ட் நினைவுக்கு வருகிறது.

1966இல் அப்பா பாண்டியில் சேர்த்த பணத்தில் ஒரு மனைக்கட்டு வாங்கினார். ஒரு சர்வே நம்பரில் ஒரு பகுதி. உட்பிரிவு ஆகவில்லை. விற்பவரும் ஊரில் அளக்கத் தெரிந்தவர் ஒருவரும் சங்கிலி போட்டார்கள். கன்டர் சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நான்கு பக்கமும் அளந்தார்கள். நான்கும் 200 லிங்க், நூல் பிடித்தாற்போல. எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கினார்கள். 200ஐ 200ஆல் பெருக்கினால் 40,000. நாற்பது சென்ட். பத்திரம் அப்படியே பதிவானது. நான் வரப்பில் நின்று சங்கிலி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வகுப்பில் பிக்யூஆர் எழுதிய ஆறு பேரில் ஒருவன்.

1971இல் சர்வீசில் சேர்ந்தேன். 1974இல் சர்வே பயிற்சிக்குப் போட்டார்கள். எஃப்.எம்.பி. என்கிற புலப்படம் எப்படித் தயாராகிறது என்று அங்கேதான் கண்ணால் பார்த்தேன். மூலைக்கல்லிலிருந்து மூலைக்கல்லுக்குக் குறுக்கே ஒரு கோடு, அதற்கு ஜி லைன் என்று பெயர். வளைந்து நெளிந்த வரப்புக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக ஆப்செட். புலம் முழுக்க முக்கோணமும் சரிவகமுமாகப் பிரிந்துவிடும். முக்கோணம் அசையாது, நாற்கோணம் அசையும் என்றார் பயிற்சி கொடுத்த சர்வேயர். நான்கு குச்சியை ஆணியடித்துக் காட்டினார். சதுரம் ஓர் அழுத்தில் சாய்ந்தது. பக்கங்கள் மாறவில்லை. உள்ளே இருந்த இடம் சுருங்கியது.

என் வயிற்றில் ஏதோ செய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் குறுக்கே சங்கிலி இழுத்தேன். குட்டை மூலைவிட்டம் 200 லிங்க். அதாவது மனை சதுரமே இல்லை, இரண்டு சமபக்க முக்கோணங்கள் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் 17,320. ஆக 34,640. முப்பத்து நாலரை சென்ட்டுக்குச் சற்று மேல். ஐந்தே கால் சென்ட்டுக்கும் அதிகமாக இல்லாத நிலத்துக்கு அப்பா பணம் கொடுத்திருக்கிறார். விற்றவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் அந்த முறைதான் தெரியும். சராசரி எடுத்துப் பெருக்குவது செவ்வகத்துக்கு மட்டும்தான் சரி, மற்ற எதற்கும் கூடுதலாகத்தான் காட்டும்.

அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "உனக்குப் பதினெட்டு மார்க் போட்டாரே முசியே, அவர் வயக்காட்டுல இதெல்லாம் சொல்லலியா?"

சொன்னார். சமபக்க முக்கோணத்தின் பரப்புக்குச் சூத்திரம் சொன்னார், நிரூபித்தும் காட்டினார். வரப்பில் கிடப்பது சாய்சதுரம் என்று எனக்குத்தான் தெரியவில்லை. படத்தை நம்பாதே என்று பழகியவன், கண்ணால் பார்க்கவே மறந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1976இல், கல்வராயன் மலை ஜாகீர்கள் முடிவுக்கு வந்தன. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர். அதுவரை அங்கே ஜாகீர்தார் வைத்ததுதான் கணக்கு. பின்னால் அளவு வேலை தொடங்கி, சர்வே நம்பர், பட்டா என்ற பேச்செல்லாம் மலைக்கு வந்த நாட்களில், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் புலப்படத்தின் நகல்.

"ஐயா, என் காடு சாமை விதைக்க ரெண்டு நாளு ஏர் ஓட்டற காடு. இந்தக் காயிதத்துல கோடு கோடா இருக்குது. என் காடு எங்க இருக்குது இதுல?" என்றார்.

"உட்காருங்க கவுண்டரே" என்று வராண்டாவில் உட்காரவைத்து, தீக்குச்சிகளை வைத்து மூலைக்கல், குறுக்குக்கோடு, ஆப்செட் என்று காட்டினேன். அரைமணி நேரம் ஆயிற்று. பக்கத்து மேஜைக்காரர் கிண்டல் செய்தார். பெரியவர் எழுத்துப் படிக்காதவர். ஆனால் மூன்றாவது முக்கோணம் வைக்கும்போது என் கையைப் பிடித்து, "இந்த மூலையில பலாமரம் இருக்குது, கல்லு அதுக்கு அந்தாண்ட இல்ல நட்டாங்க, இதுல இந்தாண்ட காட்டுது" என்றார். மறு அளவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அளந்தபோது அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

சரி, பேரனின் தாளுக்கு வருகிறேன். அன்று மாலை அடிப்பக்கமும் எதிர்க்கோணமும் கொடுத்தால் முக்கோணம் வரைவது எப்படி என்று மளமளவென்று போட்டுக் காட்டினான். அடிப்பக்கத்துக்குக் கீழே 60 பாகை, அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு, மையக்குத்துக்கோடு, வெட்டும் இடத்தில் காம்பஸை வைத்து வட்டம். எட்டுக்கு எட்டு.

"அறுபதை ஏன்டா கீழே வரைஞ்ச? கோணம் மேலேதானே வேணும்?"

விழித்தான். "அப்படித்தான் தாத்தா, படிநிலையில் இருக்கு."

கீழே வரைந்த அந்தக் கோடு வட்டத்துக்குத் தொடுகோடு, தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையில் உள்ள கோணம் எதிர்த்துண்டில் அப்படியே வந்து உட்காரும், அதனால்தான் அந்தச் செங்குத்து என்று சொன்னேன். அவன் புத்தகத்திலேயே அந்தத் தேற்றம் இருக்கிறது, வரையும் பகுதியிலிருந்து தனியாக. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். "இது பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டோமே" என்றான். பிறகு அவனாகவே 60ஐ 50 ஆக்கி இன்னொரு படம் போட்டு, மேலே கோணமானி வைத்து அளந்தான். 50 வந்தது. வட்டத்தில் வேறோர் இடத்தில் புள்ளி வைத்து அளந்தான். அங்கும் 50. இன்னோர் இடம்.

"எங்க வெச்சாலும் வருது தாத்தா" என்றான்.

எங்கள் மனை இப்போது எங்களிடம் இல்லை, தங்கை கல்யாணத்துக்கு விற்றோம். நான் குறுக்கே அளந்து, இருக்கிற பரப்பைத்தான் பத்திரத்தில் எழுதினோம். அதில் ஒரு மூலைக்கல் இன்னும் ரோட்டோரமாக நிற்கிறது. வரும் ஞாயிறு பேரனுக்குக் காட்டலாம் என்று இருக்கிறேன். டேப் அவன் கொண்டு வருகிறானாம்.